பறிக்காத நாலு வரிசை

கீரமங்கலத்திலிருந்து பிரியும் கிளைச் சாலையில் மூன்று கிலோமீட்டர் போனால் அய்யப்பனின் மல்லிகைக் கொல்லை. பன்னிரண்டு வரிசைச் செடி. வடக்கு வரப்பில் இரண்டு பலா மரங்கள். தெற்கே போர்செட் கொட்டகை, அதை ஒட்டி ஓட்டு வீடு. ஆவணி மாதத்தில் காலை நாலு மணிக்கு அந்த வழியே போகிறவர்கள், இருட்டில் மூன்று வெளிச்சங்கள் நகர்வதைப் பார்க்கலாம். நெற்றியில் பட்டை போட்டுக் கட்டிய லைட்டுகள். மேற்கே ஐந்து வரிசையில் விறுவிறுவென்று நகர்வது அய்யப்பனின் தாயார் அழகம்மாள். நடுவில் மூன்று வரிசை அய்யப்பனுடையது. கிழக்குக் கடைசி நாலு வரிசையில் நின்று நின்று போகிற வெளிச்சம் அவன் மனைவி வனிதா.

மொட்டு நன்றாகப் பருத்து வெளுத்திருக்க வேண்டும். பச்சை அரும்பை நாளைக்கு விட்டுவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பறித்து, ஈரச் சாக்கில் சுற்றி, ஏழு மணிக்குள் கீரமங்கலம் பூக்கடைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். காலையில் பறிக்காமல் விட்ட மொட்டு அன்று சாயங்காலமே செடியில் விரிந்துவிடும். விரிந்த பூவைக் கடைக்காரர் தராசில் வைக்கக்கூட மாட்டார்.

வனிதா டீச்சர். அறந்தாங்கிப் பக்கம் பதினாறு கிலோமீட்டர் தள்ளி, இரண்டே ஆசிரியர்கள் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வகுப்புகள் அவள் பொறுப்பு. ஆனி வரைக்கும் சனி, ஞாயிறு மட்டும்தான் அவள் பூவெடுத்தாள். கூலிக்கு வந்துகொண்டிருந்த மூன்று பெண்களில் இரண்டு பேர் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டார்கள். மூன்றாமவளுக்குக் கண் ஆபரேஷன். அதற்குப் பிறகு கிழக்கு நாலு வரிசை வனிதாவுக்கு என்று ஆகிவிட்டது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் அவள் பேரில் ஒரு நெற்றி லைட் சார்ஜில் கிடந்தது.

"ஏத்தா வனிதா, லைட்டு அசையவே காணோம்? நின்னுக்கிட்டே தூங்குறியா?"

"இல்லத்தே. பாம்பு மாதிரி தெரிஞ்சுச்சு."

"நீ விடுற கொட்டாவிக்குப் பாம்பு அங்கிட்டுப் போயிருக்கும். கைய ஓட்டு."

பள்ளியில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள் என்று வனிதா ஒருமுறை சொல்லப்போக, அழகம்மாள் சாக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "மலரு வரைக்கும் விட்டு வப்பீங்களா? அதான் கவருமெண்டு பள்ளிக்கூடம். எங்க வேலையில மொட்டோட கணக்குத் தீந்துச்சு."

ஆறே முக்காலுக்குக் கொல்லையை விட்டு வந்தால் அடுப்படி. சோறு, ஒரு குழம்பு, மூன்று டப்பா. ஏழு ஐம்பதுக்கு ஸ்கூட்டி. சாயங்காலம் ஐந்தேகாலுக்குத் திரும்பி, பாத்திரம், துணி, சமையல் முடித்து எட்டரைக்குத் தரையில் உட்காருவாள். அட்டை, ஸ்கெட்ச் பேனா, கத்தரிக்கோல், பசை. மறுநாள் பாடத்துக்கு வேண்டியதை வரைந்து வெட்டி முடிக்கப் பதினொன்று, சில நாள் பதினொன்றரை. மூன்றே முக்காலுக்கு அலாரம். விரல் நுனிகளில் காம்புக் கறையும் ஸ்கெட்ச் மையும் சேர்ந்து என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி இருக்கும்.

தலைமையாசிரியர் அருள்தாஸ் அட்டை எதுவும் வெட்டுவதில்லை. சாக்பீஸோடு வகுப்புக்குப் போவார், நன்றாகத்தான் நடத்துவார். வனிதாவுக்கு அது முடியாது. போன வருஷம் சந்தோஷ் என்று ஒரு பையன். இரண்டாம் வகுப்பு முடியும்வரை ஓர் எழுத்தும் ஏறவில்லை. அவன் வீட்டில் ஆடுகள் உண்டு என்று கேள்விப்பட்டு, அதே கொடியாட்டு இனத்தை அப்படியே வரைந்து ஓர் அட்டை செய்துகொண்டு போனாள். அவன் படத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு கீழே இருந்த எழுத்துகளைத் தொட்டு "ஆடு" என்றான். அவளுக்கு முதுகு சிலிர்த்துப் போயிற்று. இன்னொரு பிள்ளைக்கு வேண்டிய அட்டை எது என்று முன்கூட்டித் தெரியாது அல்லவா? அதனால் எல்லாவற்றையும் வெட்டினாள்.

மகள் இலக்கியா அதே பள்ளியில் நாலாம் வகுப்பு. அம்மாவோடுதான் போய்வருவாள். ஆடிக் கடைசியில் ஒருநாள், வண்டி சாலையின் ஓரத்துக்குப் போவதையும் அம்மாவின் தலை லேசாகச் சாய்வதையும் பார்த்துவிட்டு "அம்மா!" என்று கத்தினாள். அன்றைக்கு இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இலக்கியா பின்னால் உட்கார்ந்து வருகைப் பதிவு எடுப்பாள். அம்மாவின் வகுப்பில் உள்ள இருபத்து மூன்று பேர்களும் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு பேருக்கும் அம்மா பதில் சொல்ல வேண்டும்.

"ஷர்லி?"

"உள்ளேன் டீச்சர்."

"வெற்றிசெல்வன்?"

சத்தமில்லை.

"வெற்றிசெல்வன்!"

"உள்ளேன், உள்ளேன் டீச்சர்."

"எங்க பாத்துக்கிட்டு இருக்க? நாளைக்கு ஒங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்."

வனிதா சிரித்துவிடுவாள். சிரித்தால் தூக்கம் கலையும். இரண்டு சுற்று முடிவதற்குள் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் தெரிந்துவிடும். வீட்டில் சொல்லக் கூடாது என்பதும் ஏற்பாட்டில் சேர்த்தி. இலக்கியாவுக்கு அந்த வேலையில் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் புதன்கிழமை இலக்கியாவும் தூங்கிவிட்டாள். முதல்நாள் இரவு அம்மாவோடு உட்கார்ந்து எண் அட்டைகளுக்குப் பசை தடவியிருந்தாள். எட்டாவது பேரோ ஒன்பதாவது பேரோ, அதோடு குரல் நின்றது. குரல் நின்றது வனிதாவுக்குத் தெரியவில்லை.

புளியமரத்துத் திருப்பத்தில் சாலை வலப்பக்கம் வளைந்தது. வண்டி வளையவில்லை. மண்ணில் இறங்கி, மதகை ஒட்டிய வாய்க்காலில் சரிந்தது. முழங்கால் அளவு தண்ணீரும் சேறும். ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார். பிள்ளை இடக்கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்று அழுதாள். பை திறந்து அட்டைகள் தண்ணீரில் சிதறிக் கிடந்தன. வனிதா குனிந்து அவற்றைப் பொறுக்கினாள். ஒன்று, ஏழு, நாலு. சேற்றைப் புடவையில் துடைத்துத் துடைத்து அடுக்கினாள்.

"பிள்ளையப் பாருங்க டீச்சர்" என்றார் ஆட்டுக்காரர். "அட்ட எங்கயும் போயிறாது."

அவள் நிமிர்ந்தாள். கையில் பதினோரு அட்டை இருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எலும்பு முறியவில்லை, மணிக்கட்டில் சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பத்தரைக்கு இருவரும் பள்ளிக்கூடம் போனார்கள். அருள்தாஸ் சார் ஐந்து வகுப்பையும் மரத்தடியில் உட்கார வைத்திருந்தார். "ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே டீச்சர், ஏன் வந்தீங்க?" என்றார். வனிதா ஈர அட்டைகளை ஜன்னலில் காய வைத்தாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் அழகம்மாள் பலாக்கொட்டையின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கையில் கட்டு இருப்பதை முதலில் பார்த்தது அவள்தான்.

"கையில என்னத்தா கட்டு?"

"வண்டி சறுக்கிருச்சு அத்தே. லேசான சுளுக்குதான்."

"சறுக்கல அப்பத்தா" என்றாள் இலக்கியா. "அம்மா தூங்கிருச்சு. நானும் தூங்கிட்டேன். எம்மேலதான் தப்பு. நான் பேரு வாசிச்சிருந்தா அம்மா முழிச்சிருக்கும்."

"என்ன பேரு?"

பிள்ளை எல்லாவற்றையும் சொன்னாள். வருகைப் பதிவு, இருபத்து மூன்று பேர், இரண்டு சுற்று. தான் ஒருநாளும் தவறவிட்டதில்லை, இன்றைக்கு மட்டும்தான் என்று அழுத்திச் சொன்னாள். கடைசியில், புகாராக அல்ல, நடந்ததை விட்டுவிடக் கூடாது என்பதுபோல, "நான் அழுதேன். அம்மா அட்டையத்தான் மொதல்ல பெறக்குச்சு" என்றாள்.

அழகம்மாளின் கையிலிருந்த பலாக்கொட்டை உரிபடாமல் நின்றது. போர்செட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அய்யப்பன் அப்படியே நின்றான். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதை மூடவில்லை.

"பச்சப் பிள்ளையக் காவலுக்கு வச்சுக்கிட்டா இம்புட்டு நாளா வண்டி ஓட்டுன?" என்றாள் அழகம்மாள். குரல் உயரவில்லை.

வனிதா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றான் அய்யப்பன்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவன் குழாயை மூடினான்.

"ராவெல்லாம் அட்ட வெட்டுறத விட்டா தூங்கலாம்ல?" என்றாள் அழகம்மாள். "அந்த அருள்தாஸ் சாரு என்னத்த வெட்டுறாரு? சாக்பீஸ எடுத்துக்கிட்டுப் போறாரு, வாராரு. அவரு பிள்ளைக படிக்கலையா?"

"பூவெடுக்கப் போகாட்டியும் தூங்கலாம் அத்தே."

"வாரேன், நான் அதுக்கும் வாரேன். நானுந்தான் நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். நான் என்னைக்காச்சும் தூங்கி விழுந்தேனா?"

"நீங்க எட்டு மணிக்குப் படுக்குறீங்க."

அழகம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு கொட்டையை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். "அது சரிதான்" என்றாள், முறத்தைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு ஒரு வேல. ஒனக்கு ரெண்டு."

அய்யப்பன் கொட்டகைக்குள் போனான். வரும்போது கையில் கவாத்துக் கத்தரி இருந்தது.

"எங்கிட்டுடா போற?"

"கெழக்க. அந்த நாலு வரிசையக் கவாத்து பண்ணிர்றேன்."

அழகம்மாள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஆவணியில எவன்டா கவாத்து வெட்டுவான்? முகூர்த்தம் வரிசையா வருது. மார்கழி வேலடா அது! ஊர்ல கேட்டா கைகொட்டிச் சிரிப்பாங்கெ."

"சிரிக்கட்டும். வெட்டுனா ரெண்டு மாசத்துக்கு மொட்டு இல்ல. மொட்டு இல்லாட்டி யாரும் எந்திரிக்க வேணாம்ல?"

"ஒனக்குக் கோவம் யாரு மேலடா? எம்மேலயா, அவ மேலயா?"

"தெரியல ஆத்தா" என்றான். மெய்யாகவே தெரியாதவனாகத்தான் நின்றான்.

"வெட்டாதீங்க" என்றாள் வனிதா. "செடி என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்கு மொட்டு விடுது." சுவரை விட்டு நிமிர்ந்தாள். "நான் நாளைக்கு எந்திரிக்க மாட்டேன். அவ்வளவுதான்."

அந்த வீட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை. காய்ச்சலில் கிடப்பதுண்டு. எழ மாட்டேன் என்று, நன்றாக இருக்கும்போதே, நின்றுகொண்டு சொன்னதில்லை. அழகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அய்யப்பன் கத்தரியைக் கூரை எரவாணத்தில் சொருகினான்.

அன்று வனிதா கத்தரிக்கோலை எடுக்கவில்லை. காய்ந்த அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை நின்றுகொண்டுதான் இருந்தாள், அட்டைகள்தான் தண்ணீரோடு போயின. அது உண்மைதான். ஆட்டுக்காரர் சொன்னதும் உண்மை. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தாள். அந்தக் கணத்தில் தான் எதையுமே நினைக்கவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. கை தானாகப் போயிருக்கிறது. தூக்கமில்லாத கை, தினமும் போகிற பக்கமாகப் போயிருக்கிறது.

அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தாள். தலைமையாசிரியருக்கு லீவு சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை கொல்லையில் இரண்டு வெளிச்சம்தான் நகர்ந்தது. எவ்வளவு விரைந்தும் எட்டு வரிசைக்கு மேல் முடியவில்லை. வெயில் பலா மரத்தைத் தொட்டுவிட்டது. அய்யப்பன் சாக்கைக் கட்டி டி.வி.எஸ்ஸில் வைத்தான். அழகம்மாள் ஒன்பதாவது வரிசையில் கை வைத்தாள்.

"விடு ஆத்தா. நேரமாச்சு, கடையில எடுக்க மாட்டாங்கெ. கெடக்கட்டும்."

அவள் கையை எடுத்தாள். நாலு வரிசையிலும் மொட்டுகள் அரிசி கொட்டினாற்போல் வெளுத்திருந்தன.

வனிதா கண் விழித்தபோது அறைக்குள் வெயில் கிடந்தது. மணி பத்தரை. பக்கத்தில் இலக்கியா கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழ வேண்டும் என்று உடம்பு பதறியது. எதற்கு என்று தெரியவில்லை. எழாமல் ஓட்டு இடுக்கில் வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அழகம்மாள் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பதுபோல் இருந்தது. பிறகு அந்தச் சத்தமும் குறைந்தது. பதினோரு மணிக்கு ஒரு தட்டில் பழைய சோறும் சுட்ட கருவாடும் கதவோரம் வந்து உட்கார்ந்திருந்தன. ஆள் இல்லை.

பொழுது இறங்கும்போது இலக்கியாதான் முதலில் கத்தினாள். "அம்மா, இங்க வாயேன்! அப்பத்தா, ஓடியா!"

கிழக்கு நாலு வரிசையும் பூத்திருந்தது. வெளுத்த மொட்டு ஒன்றும் மிச்சமில்லை. இருட்டத் தொடங்கிய கொல்லையில் அந்த மூலை மட்டும் இன்னும் பகலாக இருந்தது. பிள்ளை ஒரு கையால் பூவைத் தொட்டுத் தொட்டு வரிசைக்குள் ஓடினாள். பிறந்ததிலிருந்து மல்லிகைக் கொல்லையில் வளர்கிறவள், செடி முழுக்கப் பூவாக நின்று பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த மல்லி, ஈரச் சாக்கில் கிடக்கிற மொட்டு.

அழகம்மாள் வரப்பில் வந்து நின்றாள். வனிதாவும் கொஞ்சம் தள்ளி நின்றாள். போர்செட் ஓடி நின்றது. மேற்கே எங்கோ கோயில் மைக்கில் பாட்டுப் போட்டார்கள்.

"இம்புட்டு வாசமா வரும்?" என்றாள் அழகம்மாள். "தலவலிக்குது."

"உள்ள போங்கத்தே."

"இருக்கட்டும்."

அழகம்மாள் குனிந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"பக்கத்துக் கொல்ல சந்தனம் மருமக மத்தியானம் வந்தா" என்றாள், பூவைப் பார்த்தபடியே. "இந்த நாலு வரிசைய எடுத்துக்கத்தா, எடுக்குறதுல பாதி ஒனக்குன்னு சொல்லியிருக்கேன். நாளையிலேர்ந்து வருவா. சனி ஞாயித்துக்கெழம நீ எடு."

"நீங்க பங்கு வாரத்துக்கு யாரையும் உள்ள விட மாட்டீங்களே? செடிய முறிப்பாங்கன்னு."

"முறிப்பாதான். முறிக்கட்டும்." முந்தானையை உதறிச் சொருகினாள். "நீ அட்ட வெட்டுறத என்ன பண்ணப் போற? அத நான் சொல்ல முடியாது."

"ஒம்போதரைக்கு லைட்ட அமத்திர்றேன் அத்தே" என்றாள் வனிதா. "முடிஞ்ச வரைக்கும்."

"முடிஞ்ச வரைக்கும்னா பதினொண்ணு ஆயிரும்."

"ஒம்போதரை."

அன்று ஒன்பதரைக்கு அவள் கையில் வெட்டி முடியாத ஓர் அட்டை இருந்தது. முயலின் ஒரு காது இன்னும் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. இன்னும் ரெண்டு நிமிஷம் என்று தோன்றியது. கத்தரிக்கோலை அட்டையிலேயே விட்டுவிட்டு விளக்கை அணைத்தாள். தூக்கம் உடனே வரவில்லை. நாளைக்கு வெறுங்கையோடு போகிறோம் என்பது நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. சேறு காய்ந்த பதினோரு எண் அட்டைகள் மட்டும் பையில் இருந்தன. அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை ஏழு நாற்பத்தைந்துக்கே வண்டியை எடுத்தாள். இலக்கியாவைத் துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கீரமங்கலம் கடைவீதியைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சந்தோஷ்?"

"உள்ளேன் டீச்சர்."

"பிரகதீஸ்வரி?"

"உள்ளேன் டீச்சர்."

"இன்னைக்கு ஒன் சத்தம் நல்லாருக்கும்மா" என்றாள் பிள்ளை. "தமிழ்செல்வன்?"

"உள்ளேன் டீச்சர்."

பேர்கள் வந்துகொண்டிருந்தன. பத்து, பதினொன்று. பிறகு வரவில்லை. வனிதா காத்திருந்தாள். முதுகில் ஒரு கனம் இறங்கியது. தலை. அதற்குக் கீழே மூச்சு சீராக வந்தது. இத்தனை நாளும் தன்னை முழிக்க வைத்துக்கொண்டு வந்தவளுக்கும் அதே மூன்றே முக்கால் அலாரம்தான் அடித்தது, அதே விளக்குதான் எரிந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

புளியமரத்துத் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்தாள். மரத்தடியில் வண்டியை நிறுத்தி, துப்பட்டாவை அவிழ்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதகுத் திண்டில் உட்கார்ந்தாள். இலக்கியா ஒருமுறை கண் திறந்து, "அறிவுச்செல்வன்" என்று முணுமுணுத்தாள்.

"உள்ளேன்" என்றாள் வனிதா மெதுவாக. பிள்ளை மடியில் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாய்க்காலில் தண்ணீர் தெளிந்திருந்தது. கரைச் சேற்றில் வண்டி இறங்கிய தடம் இன்னும் கிடந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் போன பஸ் டிரைவர் டீச்சரை அடையாளம் கண்டு ஹாரன் அடிக்க வந்து, மடியைப் பார்த்துவிட்டு அடிக்காமல் போனார். மணி எட்டு ஐம்பத்தைந்து ஆயிற்று. பதினொரு வருஷ வேலையில் அவள் மணியடித்த பிறகு பள்ளிக்குள் நுழைந்தது புதன்கிழமை மட்டும்தான். போனை எடுத்தாள்.

"சார், இன்னைக்குப் பத்து நிமிஷம் லேட்டாகும்."

"என்ன டீச்சர், வண்டி ரிப்பேரா?" அருள்தாஸ் சாரின் குரலில் பதற்றம் இருந்தது.

"இல்ல சார். பிள்ள தூங்குது."

மறுமுனையில் பிள்ளைகள் விளையாடும் இரைச்சல் தூரத்தில் கேட்டது.

"பிரேயர நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர். "பத்து நிமிஷம் போதுமா?"

வனிதா மடியைப் பார்த்தாள்.

"பதினஞ்சா வச்சுக்கங்க சார்."